கோச்சை மாத்து, கீப்பரை மாத்து!

ஜெர்சியின் முதுகில் பெயர் ஒட்டுவது அரை நிமிட வேலை. ஒட்டிய பெயரை உரிப்பதற்குள்தான் உயிர் போகும்.

தாராவியில் பதினெட்டு வருஷமாக எனக்கு இதுதான் தொழில். இட்லி மாவு அரைக்கிற கடைக்கு மேலே, இரும்பு ஏணியில் ஏறி வந்தால் என் பத்துக்குப் பத்து அறை. உள்ளே ஒரு ஹீட் பிரஸ் மெஷின், இரண்டு தோசைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். ஜெர்சியை விரித்து, வெட்டிய எழுத்துகளை அடுக்கி, மேல் தட்டை அமுக்கினால் பெயர் ஒட்டிக்கொள்ளும். கிரிக்கெட்காரர்கள் கூட்டமாக வருவார்கள், எல்லோரும் அதே மூன்று பெயரைக் கேட்பார்கள், போய்விடுவார்கள். கால்பந்துக்காரர்கள் எப்போதாவது ஒருவர் வருவார். வந்தவர் உட்கார்ந்து பேசாமல் போக மாட்டார். நானும் விட மாட்டேன். நம்ம ஊர் கிளப் தொடங்கிய நாளிலிருந்து நான் அதன் ரசிகன். நான் பந்தை உதைத்தது பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் கருத்து சொல்ல முழங்கால் தேவையில்லையே, வாய் போதும்.

உங்களுக்கும் ஒரு டீம் இருக்கும். நல்ல ஆளை விற்று, முட்டி போன ஆளை வாங்கி, சனிக்கிழமை தோற்று, உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்கிற டீம். அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். உட்காருங்கள். ஸ்டூல் ஆடும், பார்த்து.

பெயர் ராசி

சந்தானம் சார் மாட்டுங்காக்காரர், பாங்கிலிருந்து ரிட்டயர் ஆனவர். அவர் வயதுக்காரர்கள் கச்சேரிக்குப் போகிற நேரத்தில் இவர் ஜெர்சி போட்டுக்கொண்டு மாட்ச் பார்க்கப் போவார். முதல் வருஷம் ஸ்பெயின்காரன் ஒருவனின் பெயரை ஒட்டிக்கொண்டு போனார். சீசன் முடிந்ததும் கிளப் அவனை அனுப்பிவிட்டது. அடுத்த வருஷம் கோவாக்காரப் பையன் ஒருவனின் பெயர். அவன் கல்கத்தாவுக்குக் கடனாகப் போனான். ஆளைக் கடன் கொடுக்கிற பழக்கம் பாங்கில்கூட இல்லை என்று சார் அன்றைக்கு வருத்தப்பட்டார்.

மூன்றாவது வருஷம் என்னிடமே யோசனை கேட்டார். "கேப்டன் பேரைப் போடுங்க சார். பத்து வருஷமா இருக்கான், அவன் எங்க போகப் போறான்?" என்றேன். ஒட்டிக் கொடுத்தேன். பத்து நாளில் கேப்டனை விற்றுவிட்டார்கள். சார் மறுபடி ஏணி ஏறி வந்தார், மூச்சு வாங்க உட்கார்ந்தார். நான் ஹேர் டிரையரை எடுத்துச் சூடு காட்டி எழுத்தை ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தேன். இந்த முறை யார் பெயர் என்று கேட்டதற்கு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வீரனே வேண்டாம்ப்பா, கோச் பேரைப் போட்டுண்டுடலாம்னுதான் ஆத்துலேர்ந்து கிளம்பினேன். சயான் ஸ்டேஷன் வரதுக்குள்ள அவரையும் தூக்கிட்டாளாம், ஃபோன்ல வந்துடுத்து."

மூன்று இஸட்

போன சீசனில் கிளப் ஒரு ஐரோப்பிய ஸ்ட்ரைக்கரை வாங்கியது. வாங்கிய செய்தியைச் சாதாரணமாகச் சொல்லவில்லை. கடல், புகை, இடி சத்தம், கடைசியில் ஒரு ஆள் திரும்பிப் பார்க்கிறான், அதற்கு ஒரு வீடியோ. ஆளுக்கு முப்பத்தாறு வயது. அவன் பெயரில் உயிரெழுத்து குறைவு, இஸட் மட்டும் மூன்று. என் டப்பாவில் இருந்தது ஒரே ஒரு இஸட். தமிழர்களுக்குப் பெயர் ஒட்டுகிறவன் எதற்காக இஸட் வாங்கி வைக்கப் போகிறேன்?

முதல் ஆர்டர் அஜீஸிடமிருந்து. நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவி, செம்பூரில் மொபைல் கடை. மீதி இரண்டு இஸட்டுக்கும் ஷீட் வரவழைத்து, வெட்டி, ஒட்டி முடிக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் அந்த ஸ்ட்ரைக்கர் பிராக்டிஸில் தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஊருக்கு விமானம் ஏறினான். ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. ஜெர்சியை வாங்க வந்த அஜீஸ் அதைக் கையில் பிடித்துப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணா, ஏக் காம் கரோ, என் பேருக்கு ஒரு இஸட் போதும், அதை வச்சுப் போட்டுருங்க. பாக்கி ரெண்டை அந்தக் கோச்சுக்கு அனுப்புங்க, கார்ட்டூன்ல மாதிரி இஸட் இஸட்னு தூங்குறதுக்கு ஆவும்."

ப்ராசஸ்

கோச்சுகளைப் பற்றி எனக்குப் பெரிய ஆராய்ச்சி உண்டு. வருகிற எல்லோரும் முதல் நாள் 'ப்ராஜெக்ட்' என்பார்கள். இரண்டு மாட்ச் தோற்றதும் 'ப்ராசஸ்' என்பார்கள். ஐந்து தோற்றதும் 'ஃபிலாசஃபி' என்பார்கள். அந்தச் சொல் வந்துவிட்டால் அடுத்த வாரம் ஆள் ஏர்போர்ட்டில் இருப்பார் என்று அர்த்தம். ஒரு தடவை நாலுக்கு பூஜ்யம் தோற்ற பிறகு ஒரு கோச் பேட்டி கொடுத்தார். பந்து நம் கையில்தான் அதிக நேரம் இருந்ததாம், பாஸ் நாம்தான் அதிகம் கொடுத்தோமாம், எல்லாம் சரியான பாதையில்தான் போகிறதாம். போனது எல்லாம் சரி, பந்து மட்டும் நம் வலைக்குள்ளே போயிருந்தது.

அந்தப் பேட்டியை நான் கடையில் ஃபோனில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது முருகேசன் இருந்தார். எதிர்ச் சந்தில் தோல் பை தைக்கிறவர், நாங்குநேரிக்காரர், தம்பிக்கு ஜெர்சி வாங்க வந்திருந்தார். கால்பந்தில் எத்தனை பேர் என்றுகூட அவருக்குத் தெரியாது. பேட்டியை முழுதாகக் கேட்டுவிட்டு எழுந்தார். "நான் பையில ஜிப்பைத் தலைகீழா தைச்சிக் குடுத்துட்டு, 'சேட், இது ப்ராசஸ்'னு சொன்னா, எங்க சேட்டு சிரிச்சிக்கிட்டே விடுவாருங்கியளா?"

கார்னர் கிக்

என் மனைவி பியூலா சயானில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாட்ச் என்றால் அவளுக்கு ரிமோட் போன துக்கம், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நமக்கு எதிராகக் கார்னர் கிக். கோச் புதிதாக ஒரு முறை கொண்டுவந்திருந்தார்: ஆளுக்கு ஆள் பிடிக்க வேண்டாம், அவரவர் இடத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். அதன் அருமையை நான் பியூலாவுக்கு விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் பந்து வந்தது. நம்ம டிஃபெண்டர்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நடுவில் நின்ற எதிரணிக்காரன் தலையால் முட்டி உள்ளே போட்டான்.

இரண்டாவது கார்னர், அதே இரண்டு பேர், அதே பார்வை, அதே கோல். நான் தலையில் கை வைத்தேன். பியூலா கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னாள்: "டூட்டி மாறும்போது பேஷண்ட் உன் ஆளா என் ஆளான்னு நாங்க இப்பிடி மூஞ்சப் பாத்துக்கிட்டு நின்னோம்னு வையிங்க, வார்டுல ஒருத்தன் மிஞ்ச மாட்டான். இதுக்கு ஒரு கோச்சு, அவனுக்கு ஒரு கோட்டு வேற."

நாலு நிமிட வாய்ஸ் மெசேஜ்

இதுவரை சொன்னதெல்லாம் டிவியில் பார்த்து வயிறு எரிந்த கதை. இனி சொல்லப் போவது நானே கெடுத்தது.

எங்கள் சந்துக்கு ஒரு டீம் உண்டு: மூணாம் சந்து ஸ்டார். பாதிப் பேர் சர்ச் பிள்ளைகள், பாதிப் பேர் கோயில் பிள்ளைகள், ஜெர்சி என் உபயம். கோச் மோசஸ், டிராம்பே பக்கம் ஒரு கம்பெனியில் சேஃப்டி பிரிவில் வேலை. வேலையும் சேஃப்டி, ஆட்டமும் சேஃப்டி. ஒரு கோல் போட்டுவிட்டால் பதினொரு பேரையும் பின்னால் இழுத்து நிறுத்திவிடுவார். கோல்கீப்பர் ஆரோக்கியம். முப்பத்தெட்டு வயது, அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர், முன்பு எங்கள் சந்தில் இருந்தவர். வீடு மாறிப் போய் எட்டு வருஷமாகியும் ஒவ்வொரு மாட்ச்சுக்கும் ரயிலேறி வருவார்.

செம்பூரில் டோர்னமெண்ட். எங்கள் பிரிவில் நாலு டீம், ஆளுக்கு மூன்று மாட்ச், முதல் இரண்டு டீம் அடுத்த சுற்றுக்குப் போகும். முதல் மாட்ச்சில் பாதி நேரத்துக்குள் மூன்று கோல் போட்டோம். மோசஸ் வழக்கம்போலக் கதவைச் சாத்தினார். அடுத்த பாதியில் ஆரோக்கியம் மூன்று கோலை விட்டார். மூன்றாவது கோல் அவர் கையில் பட்டு, கையை விட்டு நழுவி, உருண்டு போனது. மூன்றுக்கு மூன்று. நான் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், டீம் வாட்ஸ்அப் குரூப்பில் நாலு நிமிடம் பேசி அனுப்பினேன். கோச்சை மாத்து, கீப்பரை மாத்து, இது டீமா முதியோர் இல்லமா என்றெல்லாம் கேட்டேன். வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. ஐரோப்பாவில் ஒரு கிளப் முதலாளிக்குக்கூட அன்றைக்கு அவ்வளவு பெருமை இருந்திருக்காது. கடைசியில் மோசஸ் ஒரே வரி எழுதினார்: "அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்களே வந்து டீமை இறக்குங்கண்ணே, நான் தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கேன்."

மோசஸ் கோபத்தில் எழுதியது. எனக்கு அது அழைப்பிதழாகத் தெரிந்தது.

உரித்த பெயர்

கோச் ஆனதும் நான் செய்த முதல் காரியம் ஆரோக்கியத்தைத் தூக்கியது. நேரில் சொல்லத் தைரியம் இல்லை. பட்டியலை குரூப்பில் போட்டேன், அவர் பெயர் அதில் இல்லை. அவருக்குப் பதில் செம்பூர் ரோஷன். இருபத்திரண்டு வயது, ஜிம் உடம்பு, டைவ் அடிக்கிற வீடியோ நிறையப் போட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரோக்கியமே கடைக்கு வந்துவிட்டார். எங்கள் டீமில் கீப்பர் ஜெர்சி ஒன்றே ஒன்றுதான், பச்சை நிறம், அது அவரிடம் இருந்தது. துவைத்து, அயர்ன் பண்ணி, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "அந்தத் தம்பிக்கு வேணும்லா, பேர மாத்திருங்க" என்றார். கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் உரிப்பதற்கு வசதியாக வலது கையைப் பாக்கெட்டுக்குள் வைத்தபடி ஜெர்சியின் ஓரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டார். எட்டு வருஷத்துக்கு முன் நான் ஒட்டிய எழுத்து. துண்டு துண்டாகத்தான் வந்தது. உரித்த இடத்தில் துணி பழைய பச்சையாகவே இருந்தது, சுற்றிலும் வெளுத்திருந்தது. பெயர் இல்லாமலே பெயரைப் படிக்கலாம்.

ஏதாவது பேச வேண்டுமே என்று, "ரயில்ல கூட்டமா?" என்று கேட்டேன். எட்டு வருஷத்தில் அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அவர் சிரித்தார். "கூட்டம்தான் அண்ணாச்சி. ஒங்க மெசேஜை இன்னைக்கு வார வழில டோம்பிவிலில கேக்க ஆரம்பிச்சேன். எங்கனயாவது நல்லதா ஒரு வார்த்த வரும்னு சயான் வாரது வரைக்கும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன்."

நான் கோச்சாக இருந்த ஒரு மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்குப் போனேன். கோட்டு இல்லை, அதனால் சர்ச்சுக்குப் போகிற முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். முந்தின நாள் முழுக்கப் பிரஸ் மேஜையில் எழுத்துகளை அடுக்கி வியூகம் போட்டிருந்தேன். பின்னால் மூன்று பேர், நடுவில் ஐந்து, முன்னால் இரண்டு. மேஜையில் அது அபாரமாக ஆடியது. எழுத்துகள் நான் வைத்த இடத்தில் நின்றன, எதிரணியும் இல்லை.

மாட்ச் தொடங்கியது. எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று கத்த ஆரம்பித்தேன். "எடப்பக்கம் போலே!" என்று இடது பக்கம் ஓடச் சொன்னேன்; தமிழ் அரைகுறையாகத் தெரிந்த பிள்ளை 'எடு' என்று நினைத்துப் பந்தைக் கையால் எடுத்துவிட்டான். ஃப்ரீ கிக், அதில் ஒரு கோல். அதன்பிறகு இந்தியில் கத்தினேன். என் இந்தி காய்கறி வாங்கப் போதுமானது, மிட்ஃபீல்டுக்குப் போதாது. "ஊப்பர் ஜா, ஊப்பர் ஜா" என்று எல்லோரையும் மேலே அனுப்பினேன், எல்லோரும் போனார்கள், பின்னால் ரோஷன் மட்டும் தனியாக நின்றான். அவன் டைவ் எல்லாம் நன்றாகத்தான் அடித்தான், பந்து போன பிறகு. ஐந்துக்கு பூஜ்யம். பாதி ஆட்டத்தில் மோசஸ், சொன்ன மாதிரியே, எனக்கும் ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

முடிந்ததும் பின்வரிசையில் ஆடுகிற ஸ்டாப்பர் பேக் செபாஸ்டின் ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்கே தவறு நடந்தது என்று நான் அவனிடம் கேட்டேன், கோச்சுகள் கேட்கிற தோரணையில். அவன் தலையைத் தூக்காமலே பதில் சொன்னான்: "மோசஸ் சார் தப்பா ஏதும் சொன்னா நாங்க காதுலயே வாங்க மாட்டோம்ணே. நீங்க பெரியவரு, நீங்க சொன்ன அம்புட்டையும் கேட்டோம்லா, அதான் அஞ்சு."

அம்பர்நாத்

அன்று முழுக்க குரூப்பில் வாய்ஸ் மெசேஜ்கள் வந்துகொண்டே இருந்தன. கோச்சை மாத்து என்று பல குரல்கள். நான் எதையும் திறந்து கேட்கவில்லை. ஆரோக்கியம் ரயிலில் உட்கார்ந்து கேட்டது மட்டும் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அம்பர்நாத்துக்கு ரயில் ஏறினேன். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம், பாதி வழி நின்றுகொண்டே. எட்டு வருஷமாக அந்த மனிதர் எங்களுக்கு ஒரு மாட்ச் ஆட இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு தூரம் திரும்பிப் போயிருக்கிறார். நான் இறங்குவதற்குள்ளேயே என் இடுப்பு விட்டுப்போனது.

மதியச் சாப்பாட்டு நேரம். தொழிற்சாலை வாசலில் டீக்கடைப் பெஞ்சில் இருந்தார். வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்து வைத்துக் கட்டுப் போட்டிருந்தது. என்னவென்று கேட்டால் சும்மா என்றார். பக்கத்தில் இருந்த அவருடைய தோழர்தான் சொன்னார்: முதல் மாட்ச்சில் முதல் பாதியிலேயே விரல் பிசகிவிட்டது, மாற்றுக் கீப்பர் இல்லை என்பதால் யாரிடமும் சொல்லாமல் டேப்பைச் சுற்றிக்கொண்டு ஆடியிருக்கிறார். அந்த மூன்றாவது கோல் ஏன் கையை விட்டு நழுவியது என்பதும், வெள்ளிக்கிழமை ஜெர்சியை ஏன் இடது கையால் பிடித்தார் என்பதும் எனக்கு அந்தப் பெஞ்சில்தான் விளங்கியது.

"வந்துருங்க ஆரோக்கியம், நான் பேசுனது தப்பு" என்றேன். குரூப்பிலும் அதைச் சொல்வதாகச் சொன்னேன். அவர் விரல் கட்டை இழுத்துச் சரிசெய்தார். "வாரேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள வெரலும் சரியாயிரும். ஆனா நீங்க என் கோலுக்குப் பின்னால நிக்கணும். ஆட்டம் முடியுத வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாது" என்றார். சம்மதித்தேன். ஜெர்சியில் அவர் பெயரை மறுபடி ஒட்டித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையசைத்தார். "ரோஷன் பேரே இருக்கட்டும் அண்ணாச்சி. கோல் விழுந்தா அவன் பேர்ல விழட்டும், நீங்க பேசுததுக்கும் ஒரு மாத்தமா இருக்கும்."

வலைக்குப் பின்னால்

மூன்றாவது மாட்ச்சுக்கு மோசஸ் மறுபடி கோச். நான் வலைக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு. நாற்பத்தேழு வயதில் எனக்குப் பேசக்கூடாது என்று யாரும் தண்டனை கொடுத்ததில்லை, பள்ளிக்கூடத்தில்கூட. குரூப்பில் மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருந்தேன். அது பதினோரு வினாடிதான் வந்தது.

கோட்டுக்கு வெளியிலிருந்து பதினெட்டு வருஷம் பார்த்திருக்கிறேன். அங்கே கீப்பர் என்றால் சும்மா நின்றுகொண்டிருக்கிற ஆள், பந்து வந்தால் குதிப்பார். பின்னால் போய் நின்ற பிறகுதான் காதில் விழுந்தது: ஆரோக்கியம் முதல் நிமிடத்திலிருந்து வாயை மூடவில்லை. "செபாஸ்டின், பின்னால ஆளு! டேனி, பீச்சே தேக்! ரைட்டு எறங்கு, எறங்கு, ஆங், நில்லு!" ஒவ்வொருவனுக்கும் அவனவனுக்குப் புரிகிற பாஷையில், எரிச்சல் இல்லாமல், ரயில்வே அறிவிப்பு மாதிரி விடாமல். டிஃபென்ஸ் முழுவதும் அந்தக் குரலுக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தது. ரோஷன் போன வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டும் என்று அவனுக்குச் சொல்ல, கோச்சான எனக்கும் தெரியவில்லை.

இரண்டு கோல் போட்டோம். பிறகு ஒரு கார்னரில் ஆரோக்கியம் வெளியே ஓடி வந்து குத்தப் பார்த்தார், காற்றைக் குத்தினார், பந்து தலைக்கு மேலே போய் உள்ளே விழுந்தது. அட, இதற்கு எதற்கு வெளியே வரணும்? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கடைசிப் பத்து நிமிடம் அவர்கள் எங்கள் வலையை விட்டு நகரவில்லை. ஒரு பந்தை அந்த இரண்டு விரலாலேயே தட்டி மேலே ஏற்றினார். அவர் வலைப் பக்கம் திரும்பியபோது வலியில் முகம் சுருங்கியதை நான் மட்டும்தான் பார்த்தேன். இரண்டுக்கு ஒன்று. ஜெயித்துவிட்டோம்.

ஆனால் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. எங்களுக்கும் இன்னொரு டீமுக்கும் புள்ளி சமம். வாங்கிய கோல் எங்களுக்கு அதிகம். அந்த ஐந்து கோல் எப்படி வந்தது என்று மைதானத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் ஷூவைத்தான் பார்த்தார்கள், ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது ஆரோக்கியத்தின் பையை நான் வாங்கிக்கொண்டு செம்பூர் ஸ்டேஷன் வரை நடந்தேன். பாதி வழியில் அவர் பேசினார்: "வாயத் தெறக்கல, ஒத்துக்கிடுதேன். ஆனா ஏழு தடவ உச்சுக் கொட்டுனீய அண்ணாச்சி. அதுல நாலு நாயம். மூணுக்கு நீங்க எனக்கு ஒரு டீ வாங்கித் தரணும்."

டீ வாங்கிக் கொடுத்தேன், மோசஸிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இனி எந்த டீமின் விவகாரத்திலும் வாய் திறப்பதில்லை என்று பியூலாவிடம் சத்தியமும் பண்ணிவிட்டேன், ஆனால் நம்ம ஊர் கிளப்பின் புது கோச் நேற்று ஒரு ரைட் பேக்கைக் கொண்டுபோய் இடது பக்கம் நிறுத்தியிருக்கிறானே, அதை நீங்கள் பார்த்தீர்களா?